எதிர்ப்பு அணு ஊசியால் எச்.ஐ.வி. போய்விடுமா?

செந்தூலிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு வயது 31. நான்கு ஆண்டுகளாக எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிறார், ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. இப்போது கோலாலம்பூரில் ஒரு தனியார் நிலையத்தார், அவர் ரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, 'பயிற்சி' கொடுத்து, மறுபடியும் உடம்பில் ஏற்றினால் மூன்று மாதத்தில் மருந்தை நிறுத்திவிடலாம் என்கிறார்களாம். கேட்கும் பணத்துக்கு ஒரு புது மைவி கார் வாங்கலாம். இது உண்மையா, உண்மையென்றால் அரசாங்க மருத்துவமனைக்கு எப்போது வரும், தம்பி கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று மூன்று கேள்விகள்.

அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். பணத்தைக் கொடுக்காதீர்கள். மருந்தை ஒரு நாளும் நிறுத்த விடாதீர்கள். 'இடைவெளி விட்டு மருந்து சாப்பிட்டால் என்ன?' என்று 33 நாடுகளில் 5,472 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வே நடந்தது. இடைவெளி விட்டவர்களுக்கு நோய் முற்றுவதும் மரணமும் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்ததால் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முடிவு 2006இல் வெளியானது. வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் இருக்கும் பெரும்பாலோருக்கு, மருந்தை நிறுத்திய சில வாரங்களிலேயே அது திரும்பி வந்துவிடும்.

நான் டாக்டர் அல்ல. பினாங்கில் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எச்.ஐ.வி. தாக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான சிடி4 அணுக்களை எண்ணிச் சொல்வதுதான் அதில் பெரும்பகுதி. ஆரோக்கியமானவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கு மேல் இருக்க வேண்டிய எண்ணிக்கை. தொண்ணூறுகளின் நடுவில் 12, 9, 4 என்றெல்லாம் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த எண்களுக்குரியவர்கள் பெரும்பாலும் அடுத்த பரிசோதனைக்கு வரவில்லை. அதனால் இந்த விஷயத்தில் யாராவது 'மூன்று மாதத்தில்' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோபத்தைவிடச் சங்கடம் ஒன்று உண்டு. அந்த நிலையத்தார் சொல்லும் கதையின் அடிப்படை பொய் இல்லை. எதிர்ப்பு அணுக்களை வெளியே எடுத்து மாற்றி அமைத்து மீண்டும் ஏற்றும் வேலை உலகில் நடக்கிறது. சில ரத்தப் புற்றுநோய்களில் அற்புதமாகவே பலன் தருகிறது. எச்.ஐ.வி.யில் இதுவரை தரவில்லை. ஏன் தரவில்லை என்பது புரிந்துவிட்டால் அடுத்த விற்பனையாளரை நீங்களே வாசலோடு அனுப்பிவிடுவீர்கள்.

என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர். விடியுமுன் பெரட்டு. வரிசையில் நின்று பேர் கூப்பிடும்போது குரல் கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளரான தண்டல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவார். நம் உடம்பிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. ஒவ்வொரு அணுவும் தனக்குள்ளே தயாராகும் புரதங்களின் துண்டுகளை மேல்தோலில் தூக்கிக் காட்டிக்கொண்டே இருக்கிறது. கொல்லும் டி-அணுக்கள் என்று ஒரு கூட்டம் தண்டலைப் போல் அதைப் பார்த்துக்கொண்டு போகும். அன்னியத் துண்டு தெரிந்தால் அந்த அணுவை அங்கேயே தீர்த்துவிடும். சளிக்காய்ச்சல் ஒரு வாரத்தில் அடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எச்.ஐ.வி. இந்தப் பெரட்டை இரண்டு வழியில் ஏமாற்றுகிறது. ஒன்று, அது புகுந்துகொள்வதே எதிர்ப்புப் படையை ஒருங்கிணைக்கும் சிடி4 அணுக்களில். மற்றது, சில அணுக்களுக்குள் தன் மரபணுவை நம்முடைய மரபணுவோடு தைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் தூங்கிவிடுகிறது. புரதம் தயாரித்தால்தானே துண்டு வெளியே தெரியும்? லயத்து வீட்டுக் கட்டிலில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பவனைப் பெரட்டுக்களத்தில் நிற்கும் தண்டல் எப்படிப் பிடிப்பார்? மருந்து சாப்பிடுகிறவர்களிடம் ஓய்வில் இருக்கும் சிடி4 அணுக்களில் ஏறத்தாழ ஒரு மில்லியனில் ஒன்றுதான் இப்படி உயிருள்ள வைரஸைச் சுமந்துகொண்டு தூங்குகிறது. மாத்திரைகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். தூங்குவதை ஒன்றும் செய்யாது. இந்தத் தூங்கும் கூட்டம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 44 மாதம் ஆகும், தானாக ஒழிய எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று 2003இல் கணக்கிட்டார்கள். அதற்குப் பிறகு தெரிந்தது இன்னும் மோசம்: அந்த அணுக்கள் தாமே பிரிந்து, வைரஸின் மரபணுவையும் சேர்த்தே நகல் எடுத்துப் பெருகவும் செய்கின்றன.

இனி, குணமானவர்களைப் பற்றி. அந்த நிலையத்தின் விளம்பரத் தாளில் 'பெர்லின் நோயாளி' படம் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பெயர் டிமோத்தி ரே பிரவுன். எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் வந்தது. 2007இலும் 2008இலும் பெர்லினில் அவருக்கு, ரத்த அணுக்களை உற்பத்தி செய்யும் எலும்பு மஜ்ஜைத் தண்டணுக்களை மாற்றிப் பொருத்தினார்கள். கெரோ ஹூட்டர் என்ற மருத்துவர் ஒரு தந்திரம் செய்தார். எச்.ஐ.வி. அணுவுக்குள் நுழைய, அதன் மேலிருக்கும் சிடி4 என்ற கைப்பிடி மட்டும் போதாது. சிசிஆர்5 என்ற இரண்டாவது கைப்பிடியும் பெரும்பாலும் வேண்டும். வட ஐரோப்பிய வம்சாவளியில் சுமார் நூற்றில் ஒருவருக்கு, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த குறையால், அந்தக் கைப்பிடியே பிறவியில் இருக்காது. அப்படிப்பட்ட ஒரு கொடையாளரைத் தேடிப் பிடித்தார் ஹூட்டர். பிரவுனுக்கு வைரஸ் திரும்பவே இல்லை. 2020இல் அவர் இறந்தது புற்றுநோய் திரும்பியதால், எச்.ஐ.வி.யால் அல்ல. லண்டனில் ஆடம் காஸ்தியேஹோவுக்கு 2016இல் இதேபோன்ற சிகிச்சை நடந்தது. ரவீந்திர குப்தா தலைமையிலான குழு 2019இல் அதை அறிவித்தது. பிறகு டுஸல்டார்ஃப், நியூயார்க், கலிபோர்னியா என்று நீண்டு, இன்று உலகம் முழுவதும் சேர்த்தால் பத்துப் பேர் அளவில் வருகிறார்கள்.

எல்லோரும் 'கைப்பிடி இல்லாத அணு'தான் காரணம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2023இல் ஜெனிவாவிலிருந்து ஒரு செய்தி வந்து அந்தக் கணக்கைக் கலைத்தது. அங்கே கொடையாளருக்குக் கைப்பிடி முழுதாக இருந்தது. வைரஸ் நுழைய எல்லா வசதியும் இருந்தும், மருந்தை நிறுத்திய பிறகு வைரஸ் திரும்பவில்லை. 2024இல் பெர்லினிலேயே இரண்டாவது ஆள். அவருடைய கொடையாளரிடம் குறை பாதிதான் இருந்தது, அதாவது தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தது. அப்படியானால் வேலையைச் செய்தது யார்? புதிதாக வந்த கொடையாளரின் எதிர்ப்பு அணுக்கள் என்பதுதான் இப்போது பலரின் ஊகம். அவை பழைய ஆளின் ரத்த அணுக்களை ஒன்றுவிடாமல் அன்னியம் என்று கண்டு அழிக்கின்றன. தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்ப்பதில்லை. புதுத் தோட்ட முதலாளி பழைய லயத்தையே இடித்துவிடுகிறான். கட்டிலுக்கடியில் ஒளிந்தவனும் அதோடு போகிறான். எதிர்ப்பு அணுவால் எச்.ஐ.வி.யை ஒழிக்க முடியும் என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிக வலுவான சாட்சி இதுதான்.

ஆனால் விலையைப் பாருங்கள். முதலில் கடும் மருந்துகளால் நோயாளியின் மஜ்ஜையை வெறுமையாக்க வேண்டும். பிறகு அன்னிய அணுக்கள் தோல், குடல், கல்லீரல் என்று எதையும் தாக்கலாம். இதில் இறப்பவர்கள் எண்ணிக்கை சிறியதல்ல. நம் நாட்டில் அம்பாங் மருத்துவமனையில் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பல காலமாக நடக்கிறது. யாராவது அதைத் தாண்டி வந்தவரிடம் கேட்டுப் பாருங்கள். ரத்தப் புற்றுநோயால் சாகப்போகிறவருக்கு அந்த அபாயம் நியாயம். தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் பூப்பந்து ஆடும் உங்கள் தம்பிக்கு அது கொலை முயற்சிக்குச் சமம். இன்னொன்று: அந்தக் கைப்பிடிக் குறை தமிழர், மலாய்க்காரர், சீனரிடம் மிக அபூர்வம். சாதாரணக் கொடையாளரை நம்பவும் முடியாது. பாஸ்டனில் இரண்டு பேருக்கு அப்படிப்பட்டவரிடமிருந்து மஜ்ஜை மாற்றி, வைரஸ் போய்விட்டது என்று கொண்டாடினார்கள். 2013இல் மருந்தை நிறுத்திய சில மாதங்களில் இருவருக்கும் அது திரும்பிவிட்டது. விளம்பரத் தாளில் அவர்கள் படம் இருக்காது.

எனவே ஆராய்ச்சியாளர்கள் கேட்டார்கள்: கொடையாளரே இல்லாமல், நோயாளியின் சொந்த அணுவையே மாற்றினால் என்ன? உங்களிடம் விற்கப்படுவது இந்தக் கேள்வியின் நிழல்தான்.

முதல் வழி, கைப்பிடியை வெட்டி எறிவது. 2014இல் பென்சில்வேனியாவில் 12 பேரின் சிடி4 அணுக்களை எடுத்து, மரபணு வெட்டும் கருவியால் சிசிஆர்5ஐச் சிதைத்து, ஆளுக்கு 10 பில்லியன் அணுக்களைத் திருப்பி ஏற்றினார்கள். பாதுகாப்பாக இருந்தது. சிலருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தபோது, மாற்றிய அணுக்கள் மாற்றாதவற்றைவிட மெதுவாகவே குறைந்தன. ஆனால் வைரஸ் திரும்பியது. ஒரே ஒருவருக்கு மட்டும் அது எழுந்து, பிறகு தானாகக் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. பிறகு பார்த்தால், அவருக்குப் பிறவியிலேயே பாதிக் கைப்பிடி இல்லை. 2019இல் பெய்ஜிங் குழு, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் முறையில் ஒரு கொடையாளரின் தண்டணுக்களில் இதையே செய்து, ரத்தப் புற்றுநோயும் இருந்த ஒரு நோயாளிக்கு ஏற்றியதை அறிவித்தது. உடம்பில் நிலைத்தது ஐந்து சதவீதம் அளவே. வைரஸை நிறுத்த அது எங்கே போதும்? இதற்கிடையில் ஹே ஜியான்குய் என்ற சீன விஞ்ஞானி 2018இல் இதே மரபணுவைக் கருவிலேயே வெட்டிக் குழந்தைகளைப் பிறக்கச் செய்து சிறைக்குப் போனார். எச்.ஐ.வி. இல்லாமல் பிறக்கவிருந்த குழந்தைகள் மீது அதைச் செய்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வாய் கசக்கிறது.

இரண்டாவது வழி, தண்டலுக்குப் புதுக் கண்ணாடி மாட்டுவது. கொல்லும் டி-அணுவின் மேல்தோலில் நாமே வடிவமைத்த ஓர் உணர்கொம்பைப் பொருத்துவார்கள். இதற்குப் பெயர் கார்-டி. புற்றுநோய்ச் செய்திகளில் படித்திருப்பீர்கள். பலருக்குத் தெரியாத செய்தி, இப்படி அணுக்களை மாற்றி மனிதர்களுக்குக் கொடுத்த முதல் முயற்சிகளில் சில நடந்ததே எச்.ஐ.வி.க்காக, தொண்ணூறுகளில். கார்ல் ஜூன் போன்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அதில் கை பழகித்தான் ரத்தப் புற்றுநோய்க்குப் போனார்கள். அந்தப் பழைய எச்.ஐ.வி. நோயாளிகள் உடம்பில் மாற்றிய அணுக்கள் பத்தாண்டுகளுக்கு மேலும் உயிரோடு இருந்ததை 2012இல் கண்டார்கள். வைரஸை மட்டும் அவை அடக்கவில்லை. 2017இல் அமெரிக்காவில் முதல் கார்-டி சிகிச்சை ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. எச்.ஐ.வி. பிரசவம் பார்த்த பிள்ளை, வேறு வீட்டில் வளர்ந்து பெரியவனானது.

ஏன் அங்கே வென்றது இங்கே தோற்றது? அந்த ரத்தப் புற்றணுக்கள் ஏறத்தாழ எல்லாமே சிடி19 என்ற ஒரே அடையாளத்தை அணிந்திருக்கின்றன. பெரட்டுக்களத்தில் எல்லோரும் சிவப்புச் சட்டையோடு நிற்பது போல. கார்-டி அணுக்கள் இரையைக் கண்டு ஆயிரமாயிரமாகப் பெருகும். எச்.ஐ.வி.யில் மருந்து சாப்பிடுகிறவரிடம் இரையே தெரிவதில்லை. இரை இல்லாமல் வேட்டை அணு சோம்பி ஒடுங்கிவிடுகிறது. மருந்தை நிறுத்தினால் இரை கிடைக்கும். ஆனால் வைரஸ் நாளுக்கு நாள் சட்டையை மாற்றும். முதல் தலைமுறையில் உணர்கொம்பாகச் சிடி4ஐயே பயன்படுத்தியதால், வேட்டைக்குப் போனவனே நோய்வாய்ப்படும் ஆபத்தும் இருந்தது. போதாக்குறைக்கு, நிணநீர்க் கணுக்களுக்குள் சில உள்ளறைகள் உண்டு. பாதிக்கப்பட்ட அணுக்கள் அங்கே குடியிருக்கும். கொல்லும் டி-அணுக்களோ அந்த வாசலை அதிகம் மிதிப்பதில்லை.

இதற்கெல்லாம் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இரண்டு உணர்கொம்பு கொண்ட கார்-டியை 2022 முதல் கலிபோர்னியாவில் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். தூங்கும் அணுவை மருந்தால் தட்டி எழுப்பிவிட்டுப் பிறகு அடிப்பது ஒரு யோசனை. இதுவரை எழுந்ததும் போதவில்லை, அடித்ததும் போதவில்லை. பல வகை எச்.ஐ.வி.யையும் பிடிக்கும் எதிர்ப்புப் புரதங்களைச் சேர்த்துக் கொடுப்பது இன்னொன்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனமும் கேட்ஸ் அறக்கட்டளையும் 2019இல், ஆப்பிரிக்காவிலும் கட்டுப்படியாகும் மரபணுச் சிகிச்சையை எச்.ஐ.வி.க்கும் அரிவாள் அணுச் சோகைக்கும் உருவாக்க ஆளுக்கு 100 மில்லியன் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தன. அந்த 'கட்டுப்படியாகும்' என்ற சொல் முக்கியம். முதல் கார்-டி மருந்தின் பட்டியல் விலை 4,75,000 அமெரிக்க டாலர். நோயாளியின் ரத்தத்தை இயந்திரத்தில் சுழற்றி வெள்ளணுவைப் பிரித்து, தூசி புகாத அறையில் வாரக்கணக்கில் வளர்த்து, ஒவ்வொரு பையையும் தனித்தனியாகச் சோதித்துத் தருவதற்கு அவ்வளவு ஆகிறது. மைவி விலையில் அதைத் தருகிறேன் என்கிறவர் உண்மையில் பையில் என்ன வைத்திருக்கிறார் என்று யோசியுங்கள்.

சொந்த அணுதானே, கெடுதி என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். கார்-டி அணுக்கள் ஒரேயடியாகக் கொதித்தெழுந்தால் காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரும். மாற்றிய டி-அணுவே அபூர்வமாகப் புற்றாக மாறலாம் என்று 2024இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அட்டையில் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. சுத்தமில்லாத அறையில் வளர்த்த பை என்றால் கிருமி நேராக ரத்தத்தில் போகும்.

எச்.ஐ.வி.யின் அக்கம்பக்கத்து நோய்களில் கதை கொஞ்சம் வேறு. எப்ஸ்டீன்-பார் என்று ஒரு வைரஸ், பெரும்பாலோர் உடம்பில் சும்மா இருக்கும்; எதிர்ப்புச் சக்தி சரிந்தால் நிணநீர்ப் புற்றாக வெளிப்படும். உறுப்பு மாற்றுக்குப் பிறகு வரும் அத்தகைய புற்றுக்கு, கொடையாளரிடமிருந்து முன்கூட்டியே தயாரித்து வைத்த டி-அணு மருந்துக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. அதே வைரஸ்தான் நம் நாட்டில் சீனரிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் அதிகம் காணும் மூக்குத்தொண்டைப் புற்றுக்கும் துணைபோகிறது. அதற்கு டி-அணுச் சிகிச்சையை சிங்கப்பூர் மருத்துவர்கள் முன்னின்று 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். நேர்மையான, பெரிய ஆய்வு. கீமோவோடு இதைச் சேர்த்தவர்கள் கூடுதல் நாள் வாழவில்லை. நல்ல யோசனை, திறமையான கைகள், போதிய பணம், மூன்றும் இருந்தும் அந்த முடிவு வந்தது. எச்.ஐ.வி. உள்ளவருக்கே நிணநீர்ப் புற்று வந்தால் கார்-டி கொடுக்கலாம். கொடுத்துப் பலன் கண்டிருக்கிறார்கள். அங்கே அது அடிப்பது புற்றை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஆண்டு சொல்கிறவரை நம்பாதீர்கள். என் கணிப்பில், அணுவை வெளியே எடுத்து வளர்க்கும் முறை நம் அரசாங்க மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.க்காக வரப்போவதில்லை. உடம்புக்குள்ளேயே டி-அணுவை மாற்றும் ஊசி ஒன்று முதலில் புற்றுநோய்க்கு நிலைபெற்று, பிறகு இங்கே வரலாம். அதற்கு முன்பே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபாவிர் போன்ற ஊசிகள் தினசரி மாத்திரையின் சலிப்பைக் குறைத்துவிடும். மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. நோயாளி 1986இல் கண்டறியப்பட்டார். 2006 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலை மருந்து இலவசம். அந்த இலவச மாத்திரையைவிடப் பாதுகாப்பாகவும் உறுதியாகவும் இருந்தால்தான் எந்தப் புதுச் சிகிச்சைக்கும் தம்பியின் நரம்பில் ஏற உரிமை உண்டு.

அந்த நிலையத்தாரிடம் மறுபடி பேச நேர்ந்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். இது ஆய்வென்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் எண் என்ன, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது? ஆய்வு இல்லை, சிகிச்சைதான் என்றால், பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவு எண் என்ன? முறையான எச்.ஐ.வி. ஆய்வில் நோயாளியிடம் கார் விலை கேட்பதில்லை. பெரும்பாலும் அவருக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுப்பார்கள்.

கல்யாணம். தாராளமாகச் செய்யலாம். ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து, மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத நிலையில் இருந்த ஐரோப்பியத் தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். ஆணுறை இல்லாமல் பல்லாயிரம் முறை சேர்ந்தும், துணைவரிடமிருந்து துணைவருக்குப் பரவியது ஒன்றுகூட இல்லை. 2016இலும் 2019இலும் முடிவுகள் வெளியாயின. பிள்ளைக்குப் பயமும் வேண்டாம். தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது; அந்த நிறுவனத்தின் மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் முதல் நாடு நாம்தான்.

பெண்ணிடம் மட்டும் பரிசம் போடுமுன் தம்பியே சொல்லிவிட வேண்டும். நீங்களோ அம்மாவோ போய்ச் சொல்லாதீர்கள். சொன்ன பிறகு அவள் சம்மதித்தால், அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது அவளையும் அழைத்துப் போகட்டும். வைரஸ் அளவு எழுதிய தாளை மருத்துவர் அவள் முன்னாலேயே விரித்துக் காட்டுவார். அவளுக்கு நூறு கேள்வி இருக்கும், கேட்கட்டும்.